யெஸ் ரசிகர்கள் வெளியில் சொல்லத் தயங்கும் கருத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், யெஸ் என்பது எந்தக் குழு?

1968இல் லண்டனில் பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கிட்டார் வாசிக்கும் கிறிஸ் ஸ்குவையரும் சேர்ந்து தொடங்கிய ராக் குழு. நீளமான பாடல்கள், நடுவில் மாறிக்கொண்டே போகும் தாளம், செவ்விசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்துக்கொண்ட கட்டமைப்பு என்று வளர்ந்த புரோகிரசிவ் ராக் வகையில் முதல் வரிசையில் இருந்தவர்கள். குழு இன்றும் இயங்குகிறது. ஆனால் தொடங்கிய ஐந்து பேரில் ஒருவர்கூட இப்போது அதில் இல்லை.

இதில் ஊரோடு ஒத்துப்போகாத கருத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

யெஸ் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் ஒரு பாடம் மனப்பாடமாக ஓடும். 1971, 72இல் வந்த 'தி யெஸ் ஆல்பம்', 'ஃப்ராஜைல்', 'குளோஸ் டு தி எட்ஜ்' மூன்றும்தான் உச்சம். அடுத்து வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' தலைக்கனத்தில் செய்தது. ஆண்டர்சன் பாடாவிட்டால் அது யெஸ் இல்லை. 1980களில் காசுக்காக பாப் பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததைக் கேட்கவே வேண்டாம்.

நானும் பல வருடங்கள் இதை அப்படியே நம்பினேன். ஆல்பங்களை வரிசையாக, பொறுமையாகத் திரும்பக் கேட்டபோது ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. கடைசியில் எனக்கு மிஞ்சியது ஒரே கருத்து: யெஸ்ஸின் குரல் ஆண்டர்சனின் தொண்டையில் இல்லை, ஸ்குவையரின் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து நிற்கும்.

ஆண்டர்சன் இல்லாத 'டிராமா'வை நல்ல ஆல்பம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நல்ல ஆல்பம் என்று சொல்லவில்லை. யெஸ்ஸின் மிகச் சிறந்த மூன்று ஆல்பங்களில் அதற்கு இடம் உண்டு என்கிறேன்.

நடந்தது இதுதான். 1979இல் பாரிஸில் புதிய ஆல்பத்துக்கான பதிவு நடுவிலேயே நின்றுபோனது. 1980இல் ஆண்டர்சனும் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனும் விலகினார்கள். மிஞ்சியவர்கள் ஸ்குவையர், கிட்டார் ஸ்டீவ் ஹவ், டிரம்ஸ் ஆலன் வைட். அதே மேலாளரிடம் இருந்த பகிள்ஸ் என்ற இரண்டு பேர் குழுவை, அதாவது டிரெவர் ஹார்னையும் ஜெஃப் டவுன்ஸையும், உள்ளே இழுத்துக்கொண்டார்கள். 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' என்ற பாட்டால் அப்போதுதான் உலகப் புகழ் பெற்றிருந்தவர்கள் அவர்கள். இருவருமே யெஸ் ரசிகர்கள். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஆல்பம் வந்துவிட்டது.

பழைய ரசிகர்களுக்கு இது அபச்சாரமாகப் பட்டது. இங்கிலாந்து மேடைகளில் ஹார்னைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். ஆண்டர்சனின் குரல் இயல்பாகவே மிக உயரத்தில் நிற்பது. அந்த ஸ்தாயியில் அமைந்த பழைய பாடல்களை இரவுக்கு இரவு பாடி ஹார்னின் தொண்டை கட்டிப்போனது. சுற்றுப்பயணம் முடிந்ததும் 1981இல் குழு கலைந்தது. ஆகவே 'டிராமா' என்றாலே தோல்வி என்ற எண்ணம் படிந்துவிட்டது.

அந்த எண்ணத்தை மறந்துவிட்டு ஆல்பத்தைக் கேளுங்கள். 'மெஷின் மெசையா' பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதன் தொடக்கத்தில் இருக்கும் கனத்தை இந்தக் குழு அதற்கு முன் தொட்டதே இல்லை. கடைசிப் பாட்டு 'டெம்பஸ் ஃப்யூஜிட்'. அதில் ஸ்குவையரின் பேஸ் பாட்டை முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறது. ஹார்ன் பாடும்போது கூடவே ஸ்குவையரும் ஹவ்வும் பாடுவதால், யெஸ்ஸுக்கே உரிய அந்தக் கூட்டுக்குரல் கொஞ்சமும் குறையவில்லை. ஸ்குவையர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். கூட்டுக்குரலின் அடித்தளம் அவரிடமிருந்து வந்ததுதான் என்பது ஆண்டர்சன் இல்லாத இந்த ஆல்பத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது.

ஆண்டர்சனை இப்படிக் குறைத்துச் சொல்வது நியாயமா?

அவர் குரலைக் குறை சொல்லவே மாட்டேன். அப்படி ஒரு குரல் ராக் இசையில் வேறு எவரிடமும் இல்லை. யெஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது.

1989இல் ஆண்டர்சன், டிரம்ஸ் பில் புருஃபர்ட், வேக்மன், ஹவ் நால்வரும் ஒன்று கூடினார்கள். 'ஃப்ராஜைல்', 'குளோஸ் டு தி எட்ஜ்' இரண்டையும் செய்த ஐவரில் நான்கு பேர்! யெஸ் என்ற பெயர் ஸ்குவையர் பக்கம் இருந்ததால், தங்கள் நான்கு பெயர்களையே வரிசையாக எழுதிக் குழுவின் பெயராக வைத்துக்கொண்டார்கள். பேஸ் வாசிக்க டோனி லெவினை அழைத்தார்கள். அவர் சாதாரண ஆள் இல்லை, கிங் கிரிம்சன் என்ற இன்னொரு புரோகிரசிவ் ராக் குழுவில் வாசித்த பெரும் கலைஞர். ஆனாலும் அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது எனக்கு ஆண்டர்சனின் தனி ஆல்பம் ஒன்றை நல்ல கலைஞர்கள் சேர்ந்து வாசித்தது போலத்தான் இருக்கிறது. அழகான இடங்கள் உண்டு. யெஸ் இல்லை.

'டிராமா'வில் ஆண்டர்சன் இல்லை, யெஸ் இருக்கிறது. 1989 ஆல்பத்தில் ஆண்டர்சன் இருக்கிறார், யெஸ் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் என் காது இதையேதான் சொல்கிறது.

ஸ்குவையரின் பேஸில் அப்படி என்ன தனித்தன்மை?

பேஸ் கிட்டார் பொதுவாக அடியில் முழங்கி, தாளத்துக்குத் துணை நிற்கும். ஸ்குவையரின் பேஸ் முன்னால் வந்து பேசும். 1960களில் லண்டனில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது, ஊழியர்களுக்கான சலுகை விலையில் ஒரு ரிக்கன்பேக்கர் பேஸ் வாங்கினார். கடைசிவரை அதுதான் அவருடைய அடையாளம். விரலால் மீட்டாமல் பிக் என்ற சிறு வில்லையால் அடிப்பார். அதன் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கும் மற்றொன்றைக் கரகரப்பேற்றி கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் அனுப்புவார். அதனால் கீழே கனமும் மேலே உலோகச் சிணுங்கலும் ஒரே நேரத்தில் கேட்கும்.

நல்ல ஹெட்ஃபோன் போட்டு 'ரவுண்டபவுட்' பாட்டை ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். வேறு பாட்டு ஒன்று கேட்ட மாதிரி இருக்கும்.

'டேல்ஸ்' பற்றி உங்கள் கருத்து? உண்மையிலேயே கேட்க முடிகிறதா?

முடிகிறது. அதன் முதல் பக்கத்தை நான் 'குளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாட்டுக்குச் சமமாக வைக்கிறேன்.

இந்த ஆல்பத்தின் கதை நமக்குக் கொஞ்சம் பக்கத்துக் கதை. 1973 மார்ச்சில் புருஃபர்டின் திருமண விருந்தில், கிங் கிரிம்சனில் தாளக் கருவிகள் வாசித்த ஜேமி மியூர், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றி ஆண்டர்சனிடம் பேசினார். சில நாளில் டோக்கியோவில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, சாஸ்திரங்கள் நான்கு வகை என்று விளக்கும் ஓர் அடிக்குறிப்பு ஆண்டர்சனைப் பிடித்துக்கொண்டது. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். வகைக்கு ஒன்றாக நான்கு பாட்டு, பாட்டுக்கு இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். இரண்டு தட்டு, மொத்தம் 80 நிமிடம்.

ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பெரிய கட்டடமா என்று ஆங்கில விமர்சகர்கள் கேட்டார்கள். நம்மூரில் கேட்பவர்களும், இந்த நான்கையும் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். இந்த ஆல்பத்தில் சாஸ்திர அறிவைத் தேடினால் கிடைக்காது. ஒரு பொறி ஒருவரை எவ்வளவு தூரம் ஓட வைக்கும் என்பதுதான் இதில் இருக்கிறது. சுருதி என்ற சொல்லுக்குக் கேட்கப்பட்டது என்று பொருள். அந்தப் பகுதிக்கான பாட்டு தனிக் குரல் ஓதலில் தொடங்கி, குரல்கள் அடுக்கடுக்காக ஏறி, கிட்டார் உடைத்துக்கொண்டு வரும் இடத்தைக் கேட்டால், அந்தச் சொல்லின் ஏதோ ஒரு நிழல் அவருக்குள் விழுந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெறுப்புக்கு வேறு காரணமும் உண்டு. ஆல்பம் கடைக்கு வந்தது 1973 டிசம்பரில். அதற்கு முன்பே நவம்பரில் இங்கிலாந்து மேடைகளில் 80 நிமிடத்தையும் முழுதாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாத பாட்டு, அதுவும் இவ்வளவு நீளம். மான்செஸ்டர் மேடையில் வாசிப்புக்கு நடுவே வேக்மன் கீபோர்டு அருகில் உட்கார்ந்து கறிக் குழம்பு சாப்பிட்டது இன்றுவரை சொல்லப்படும் கதை. அடுத்த ஆண்டு அவர் விலகிவிட்டார்.

அவர் சொன்ன ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைய இசைத்தட்டில் ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் சரக்கு இருந்தால், ஒன்று வெட்ட வேண்டும், இல்லையென்றால் இழுக்க வேண்டும். இவர்கள் இழுத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் அந்த இழுவை தெரிகிறது. மூன்றாம் பக்கத்தின் தொடக்கம் கரடுமுரடு. ஆனால் அதைத் தாண்டி வருபவருக்கு, கடைசியில் ஹவ் தனியாக வாசிக்கும் நைலான் கம்பி கிட்டார் காத்திருக்கிறது. அந்தக் கரடுமுரடு முன்னால் இருப்பதால்தான் இந்த இடம் நெஞ்சில் இறங்குகிறது. வெட்டினால் இரண்டாம் பக்கத்தைத்தான் வெட்டுவேன்.

பாப் பக்கம் போன '90125' ஆல்பம் துரோகம் இல்லையா?

இல்லை. அந்த ஆல்பம் யெஸ்ஸாகவே தொடங்கவில்லை. ஸ்குவையரும் வைட்டும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கிட்டார் கலைஞர் டிரெவர் ரேபினோடு 'சினிமா' என்ற பெயரில் புதிய குழு அமைத்தார்கள். தொடக்க கால கீபோர்டு கலைஞர் டோனி கேயும் சேர்ந்தார். பெரும்பகுதி பதிவு முடிந்த பிறகுதான், 1983இல், ஆண்டர்சன் வந்து பாடினார். அதன் பிறகே பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தின் பெயர்கூட இசைத்தட்டு நிறுவனம் கொடுத்த பட்டியல் எண்தான்.

தயாரித்தவர் அதே டிரெவர் ஹார்ன். பாடகராக வந்து கூச்சல் வாங்கிய மனிதர், மூன்று ஆண்டில் தயாரிப்பாளராகத் திரும்பி வந்து, குழுவுக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரே முதலிடத்தை வாங்கிக் கொடுத்தார். 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அங்கே முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில் திடீர் திடீரென்று வெட்டி ஒட்டிய ஒலித்துண்டுகள் வந்து விழுவதைக் கவனியுங்கள். 1983இல் பாப் பாட்டில் அது எவ்வளவு புதிது! புதிய வழி தேடுவதுதான் புரோகிரசிவ் என்றால், ஒலிப்பதிவுக் கூடத்தையே கருவியாக வாசித்த இந்த ஆல்பம் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானது. ஆனால் அதன் சிறந்த பாட்டு அந்த முதலிடப் பாட்டு அல்ல, கடைசியில் வரும் 'ஹார்ட்ஸ்'.

ரேபின் காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1994இல் வந்த 'டாக்' ஆல்பம் விற்கவில்லை, இன்று யாரும் பேசுவதுமில்லை. டேப்பை விட்டுவிட்டு நேரடியாகக் கணினியில் பதிவு செய்த ஆரம்பகால ராக் ஆல்பங்களில் ஒன்று அது. அதில் வரும் 'எண்ட்லெஸ் டிரீம்' கால்மணி நேரம் ஓடும் பாட்டு. 70களில் வந்திருந்தால் அதற்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

புருஃபர்டா, ஆலன் வைட்டா?

வைட். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

புருஃபர்டின் கணக்கும் கூர்மையும் அபாரம், மறுப்பில்லை. 'குளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்த கையோடு அவர் கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு மூன்றே நாள் இருந்தபோது வைட் வந்து சேர்ந்து, அந்தச் சிக்கலான பாடல்களை எல்லாம் கற்றுக்கொண்டு மேடை ஏறினார். அதற்கு முன் ஜான் லெனனின் 'இமாஜின்' பாட்டுக்கு வாசித்தவர் அவர். அப்புறம் 2022இல் இறக்கும்வரை, கிட்டத்தட்ட 50 ஆண்டு, இந்தக் குழுவை விட்டுப் போகவே இல்லை.

புருஃபர்ட் பேஸோடு போட்டி போடுவார். வைட் பேஸுக்கு அடியில் தரை போட்டுக் கொடுப்பார். அந்தத் தரையில் நின்றுதான் ஸ்குவையர் முழுதாக எழுந்தார். 1974இல் வந்த 'ரிலேயர்' ஆல்பத்தில் அந்த 22 நிமிடப் போர்ப் பாட்டைக் கேட்டால் புரியும். பழைய கார்களின் உலோகப் பாகங்களைத் தட்டி எழுப்பிய சத்தமும் அதற்குள் இருக்கிறது.

வேக்மன் இல்லாத யெஸ் எடுபடுமா?

'ரிலேயர்' ஆல்பத்தில் கீபோர்டு வாசித்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் பேட்ரிக் மொராஸ். 'தி யெஸ் ஆல்ப'த்தில் டோனி கே. இரண்டும் குழுவின் சிறந்த ஆல்பங்களில் வருபவை. 'டிராமா'வில் டவுன்ஸ். போதுமா?

வேக்மனின் உச்சம் என்று நான் நினைப்பது 'அவேக்கன்'. 1977இல் 'கோயிங் ஃபார் தி ஒன்' ஆல்பத்துக்காகப் பதிவானது. குழு மொந்த்ரோவில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்க, அவர் பக்கத்து ஊர் வெவேயில் ஒரு தேவாலயத்தின் பெரிய குழாய் ஆர்கனில் உட்கார்ந்து, தொலைபேசிக் கம்பி வழியாக அவர்களோடு சேர்ந்து வாசித்தார். அது மட்டும் இருந்தாலே அவர் பெயர் நிற்கும்.

'ஃப்ராஜைல்' எல்லோருக்கும் பிடிக்குமே?

அது பாதி ஆல்பம். ஒன்பது துண்டுகளில் நான்குதான் குழுவாகச் செய்த பாட்டு. மற்ற ஐந்தும் ஆளுக்கு ஒன்றாகச் செய்துகொண்ட தனித் துண்டுகள். வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் வேக்மனால் சொந்தமாக எழுதக்கூட முடியவில்லை. பிராம்ஸின் சிம்பொனிப் பகுதி ஒன்றை எடுத்து வாசித்தார். அந்த நான்கு பாட்டும் வைரம், மற்றவை இடைவேளை. ஸ்குவையரின் துண்டைத் தவிர.

'குளோஸ் டு தி எட்ஜ்' அளவுக்கு மீறிப் புகழப்படுகிறதா?

இல்லை. அந்தப் புகழ் முழுக்க நியாயமானது.

ஆண்டர்சனின் வரிகளுக்கு அர்த்தமே இல்லை என்கிறார்களே?

சில வரிகளுக்கு ரொம்ப நேரடியான அர்த்தம் இருக்கிறது. 'ரவுண்டபவுட்' பாட்டில் வானத்திலிருந்து மலைகள் வந்து நிற்பதாக ஒரு வரி வரும். போதையில் எழுதியது என்று பலரும் சொல்லுவார்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீனிலிருந்து கிளாஸ்கோவுக்கு வேனில் போகும்போது எழுதியது அது. வழி நெடுகச் சாலை வளைவுச் சந்திப்புகள், அதனால் தலைப்பு. மேகம் தாழ்ந்து மலைகளின் அடியை மறைத்திருந்தது. கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

மற்ற இடங்களில் அவர் சொல்லை ஓசைக்காகத் தேர்ந்தெடுக்கிறார். ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. சொல்லே இல்லாமல் ஒரு குரல் அரைமணி நேரம் நம்மை உட்கார வைக்கும்தானே.

'டார்மேட்டோ', 'யூனியன்' இரண்டையும் காப்பாற்ற முடியுமா?

'டார்மேட்டோ' (1978) முடியும். ஒலி மெலிந்து கிடக்கிறது. கீபோர்டும் கிட்டாரும் ஒன்றன் காலை ஒன்று மிதிக்கின்றன. ஆனால் ஸ்குவையர் எழுதிய 'ஆன்வர்ட்' அதில்தான் இருக்கிறது. இந்தக் குழு செய்த மிக எளிமையான, மிக அழகான காதல் பாட்டு.

'யூனியன்' (1991) முடியாது. 1989இல் கூடிய நால்வர், ஸ்குவையர் பக்கத்து யெஸ் என்ற இரண்டு அணிகளின் பதிவுகளை ஒட்டி, வெளிக் கலைஞர்களை வைத்து நிரப்பிய ஆல்பம். அதை 'ஆனியன்' என்றே அழைப்பார் வேக்மன், கேட்டால் கண்ணீர் வருமாம். எட்டு பேரும் சேர்ந்து மேடையேறிய அந்தச் சுற்றுப்பயணம் வேறு விஷயம், அது கொண்டாட்டம்.

ஸ்குவையர் இறந்த பிறகும் அந்தப் பெயரில் குழு நடப்பது சரியா?

எனக்கு மிகவும் கடினமான கேள்வி இது. 1969இலிருந்து 2014வரை வந்த 21 ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இருந்த ஒரே ஆள் ஸ்குவையர். 2015 ஜூன் 27 அன்று அவர் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆகஸ்டிலேயே குழு மேடை ஏறியது. தொடக்கத்தில் அவருடைய பேஸை மேடையில் தனியாக நிறுத்தி, அதன்மேல் மட்டும் வெளிச்சம் விழவிட்டு, 'ஆன்வர்ட்' பாட்டை ஒலிக்க விட்டார்கள். அதைக் காணொளியில்தான் பார்த்தேன், அதற்கே தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது பேஸ் வாசிக்கும் பில்லி ஷெர்வுட், ஸ்குவையரோடு பல ஆண்டு பாட்டெழுதிய நண்பர். குழுவைத் தொடரும்படி ஸ்குவையரே தன்னிடம் கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே பெயரைப் பற்றி நான் சண்டை போடுவதில்லை. 2021இல் வந்த 'தி குவெஸ்ட்', 2023இல் வந்த 'மிரர் டு தி ஸ்கை' இரண்டையும் பல முறை கேட்டேன். இரண்டாவது நன்றாகவே இருக்கிறது. ஹவ் இந்த வயதிலும் அப்படி வாசிக்கிறார். ஆனால் என் காது பாட்டின் அடியில் போய்த் தேடுகிறது. அங்கே ஒருவர் நன்றாக வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் அவர் இல்லை.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

'ரவுண்டபவுட்' ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2012இல் ஒரு ஜப்பானிய அனிமேவின் முடிவுப் பாட்டாக வந்து, இணையத்தில் மீமாகி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கிட்டார் தொடக்கம் பழக்கமாகிவிட்டது. அங்கிருந்து 'தி யெஸ் ஆல்பம்' போங்கள், பிறகு 'கோயிங் ஃபார் தி ஒன்'. 'குளோஸ் டு தி எட்ஜ்' மூன்றாவதாக இருக்கட்டும். அதன் தொடக்கம் முதல்முறை கேட்பவரைப் பயமுறுத்தும். பழகிய காதுக்கு அதுவே விருந்து.

நான்காவதாக 'டிராமா'. யார் பாடுகிறார்கள் என்பதைப் படிக்காமல் போடுங்கள். 'டெம்பஸ் ஃப்யூஜிட்' ஓடும்போது, நடுவில் அந்தக் குழுவின் பெயரையே அவர்கள் பாடும் இடம் வரும். அதற்குக் கீழே பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.